முதல் கெடாத அறம்: காப்பீட்டுக்காரர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்

தொண்டை மண்டலத்துக் கோயில்களில் கல்வெட்டுப் படிப்பவர்கள் ஒரு கணக்கை அடிக்கடி சந்திப்பார்கள். ஒருவர் கோயிலுக்கு நந்தா விளக்கு வைக்கிறார். அதற்காக 96 ஆடுகள், சில இடங்களில் 90, இடையர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் கிழடு தட்டும், சாகும். ஆனால் குட்டிகள் பிறந்து அந்த எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கல்லில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று வெட்டினார்கள். கொடுத்தவரும் வாங்கியவரும் போய்ச் சேர்ந்த பிறகும் விளக்கு எரிய வேண்டும் என்பது ஏற்பாடு. பக்தி பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கும் பொருளாதார அறிவை நாம் போதுமான அளவு கவனித்ததில்லை. முதலைத் தின்னாமல் விளைவை மட்டும் அறத்துக்குச் செலவிடுவது, ஒரு மனிதரின் ஆயுளைத் தாண்டி ஒரு கடமையை நிற்கவைப்பது என்ற இரண்டும் அதில் இருக்கின்றன.

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே உத்திரமேரூர்ச் சாலையில் போனால் செய்யாற்றின் கரையில் மாகறல் வரும். சம்பந்தர் பாடிய தலம். அதே சாலையில் இன்னும் சற்றுத் தள்ளி உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் அங்கே வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அவற்றில் எனக்கு முதன்மையாகப் படுவது வேறொரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை. ஊர்ப் பணத்தைத் தொட்டவர் கணக்கு ஒப்பிக்காவிட்டால் அந்தப் பழி உறவினர் வரைக்கும் பாயும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சபை முடிவு செய்திருக்கிறது.

இந்த இரண்டு அளவுகோல்களை, அதாவது முதல் கெடாமை, கணக்கு ஒப்பித்தல் என்பவற்றை, வைத்துக்கொண்டுதான் இருபதாம் நூற்றாண்டின் ஒரு தமிழ்க் காப்பீட்டுத் தொழிலதிபரை அணுக விரும்புகிறேன். அவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரத்தோடு பலர் இவரைக் குழப்பிக்கொள்கிறார்கள். அவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். இவர் கானாடுகாத்தானைச் சேர்ந்த சர் எம்.சிடி. முத்தையா செட்டியாரின் மகன், 1908 ஆகஸ்ட் 2ஆம் நாள் பிறந்தவர். நாற்பத்தாறு வயதுகூட நிறைவதற்குள் ஒரு விமான விபத்தில் முடிந்துபோன வாழ்க்கை. அதற்குள் ஒரு வங்கி, இரண்டு காப்பீட்டு நிறுவனங்கள், ஒரு ரேயான் ஆலை, ஒரு தொழில்நுட்பக் கல்லூரி என்று அவருடைய கை பட்டவை நீள்கின்றன.

அவர் பிறந்த சமூகத்தின் தொழில்முறையைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. நகரத்தார் வட்டிக்கடை ஒரு பள்ளிக்கூடம். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, மேலாளாகி, ஏஜெண்டாகி பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறுவான். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்று சொல்லப்பட்ட நீண்ட கூடங்களில் பல கடைகளின் ஏஜெண்டுகள் பெட்டியோடு பெட்டி ஒட்டி உட்கார்ந்து கணக்கெழுதினார்கள். தவணை முடிந்து ஊர் திரும்பும்போது ஐந்தொகை போட்டு ஒப்படைக்க வேண்டும். இலாபத்தில் ஒரு பங்கு மகமையாகக் கழிந்து கோயிலுக்கும் சத்திரத்துக்கும் வேதபாடசாலைக்கும் போகும். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சரி என்ற தானமாக யாரும் அதை நினைக்கவில்லை. கணக்குப் புத்தகத்திலேயே இடம் பிடித்த ஒரு பற்று அது. காசியிலும் இராமேசுவரத்திலும் பழனியிலும் உள்ள நகரத்தார் விடுதிகள் இந்த ஒழுங்கினால் வந்தவை. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் உட்படத் தமிழகத்தின் எத்தனையோ சிவாலயங்களின் திருப்பணியும் அப்படித்தான்.

ஆனால் இந்த அமைப்புக்கு ஓர் எல்லை இருந்தது. நம்பிக்கை என்பது குலத்துக்குள், கோயிலுக்குள், அறிந்த முகங்களுக்குள் சுழன்றது. வெளியே இருப்பவர் கடன் வாங்கலாம். நிறுவனத்துக்குள் பங்காளியாக வர முடியாது. பர்மாவில் அந்த எல்லை சுவராக எழுந்து நின்றது. 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டபோது செட்டியார்களின் முதல் அங்கே 75 கோடி ரூபாய் அளவுக்கு இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் வசம். நிலம் இழந்த பர்மியரின் கோபம் நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். பணமாகக் கொடுத்ததை மண்ணாக வாங்க நேர்ந்த கடைக்காரருக்கும் அது இலாபமாக இல்லை. பிறகு ஜப்பானியப் படையெடுப்பும் விடுதலை பெற்ற பர்மாவின் நிலச் சட்டங்களும் மிச்சத்தைத் துடைத்தன.

சிதம்பரம் செட்டியாரின் தனித்தன்மை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பழைய முறை இனி நீடிக்காது என்பதை அவர் தலைமுறையில் மிகத் தெளிவாகச் செயலில் காட்டியவர்களில் அவர் ஒருவர். 1937 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஒரே நேரத்தில் மூன்று ஊர்களில் திறந்தார்: காரைக்குடி, சென்னை, ரங்கூன். அப்போது அவருக்கு வயது 28. ஏழு வாரம் கழித்து, ஏப்ரல் 1ஆம் நாள், பர்மா இந்தியாவிலிருந்து தனியே பிரிக்கப்பட்டது. ரங்கூன் கிளை அன்றைக்கே வெளிநாட்டுக் கிளையாகிவிட்டது. அந்நியச் செலாவணி வணிகம் ஏறத்தாழ முழுக்க ஆங்கிலேய வங்கிகளின் கையில் இருந்த காலம் அது. கடல் கடந்து உழைத்த தமிழர் ஊருக்கு அனுப்பும் பணமும் பினாங்கு வணிகரின் உண்டியலும் இனி யார் கையையும் எதிர்பார்க்காமல் போகட்டும் என்ற எண்ணம் வங்கியின் பெயரிலேயே தெரிகிறது.

காப்பீட்டின் கதை இதைவிடப் பழையது. 1906ஐச் சென்னைப் பணக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு கரைந்தது. வெள்ளைக்காரர் நடத்தினால் பணம் பத்திரம் என்ற நம்பிக்கை அதோடு போயிற்று. மறு ஆண்டே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியில் இந்தியன் வங்கி பிறந்தது. தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், சென்னையில் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தொடங்கியதும் இதே 1906இல். சுதேசி என்றால் துணியும் உப்பும் மட்டும் என்று பின்னாளில் நினைக்கப் பழகிவிட்டோம். நம்முடைய சாவுக்குப் பின் குடும்பத்துக்கு வரவேண்டிய பணம் நம் நாட்டிலேயே இருக்கட்டும் என்பதும் சுதேசிதான். இந்த நிறுவனத்தின் தலைமைக்குப் பின்னாளில் வந்தவர் சிதம்பரம் செட்டியார். 1938இல் தீ, கடல், விபத்து ஆகியவற்றுக்கான யுனைடெட் இந்தியா ஃபயர் அண்டு ஜெனரல் நிறுவனமும் உருவானது.

காப்பீட்டை வட்டித் தொழிலின் தம்பி என்று நினைப்பது தவறு. வட்டிக்கடைக்காரர் தம் சொந்த முதலையும் உறவினர் வைப்பையும் கடனாகக் கொடுக்கிறார். போனால் முதலில் அவருடையது போகும். ஆயுள் காப்பீட்டில் இது தலைகீழ். பள்ளி ஆசிரியரும் ரயில்வே குமாஸ்தாவும் முப்பது ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கட்டுகிறார்கள். கடமையை நிறைவேற்ற வேண்டிய நாள் வரும்போது கட்டியவர் உயிரோடு இல்லாமலும் போகலாம். அப்போது கேட்க வருபவர், பல வேளைகளில், அந்த நிறுவனத்தின் படியை ஒருநாளும் மிதித்திராத ஒரு கைம்பெண். அவரால் வாதாட முடியாது. ஐந்தொகையைப் படிக்கத் தெரியாது. இவ்வளவு பலவீனமான ஒருவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதே தொழில் என்றால், அந்தத் தொழிலை நேர்மையாக நடத்துவது தன்னளவிலேயே பொதுத்தொண்டு. அறக்கட்டளை அப்புறம்.

அரசும் இதைப் புரிந்துகொண்டிருந்தது. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் ஆயுள் நிதியில் 55 விழுக்காட்டை அரசுப் பத்திரங்களிலும் ஒப்புதல் பெற்ற பத்திரங்களிலும் போட வேண்டும் என்றது. மீதியைத் தலைமை என்ன செய்கிறது என்பதில்தான் ஆளின் தரம் தெரியும். சிதம்பரம் செட்டியார் கண்ணுக்குத் தெரியும் முதலீடு ஒன்றைத் தேர்ந்தார்: மவுண்ட் ரோட்டில் யுனைடெட் இந்தியாவுக்கு ஒரு கட்டடம். லண்டனைச் சேர்ந்த பிரௌன், மூலின் என்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்த திட்டத்தைப் பின்னர் எல்.எம். சித்தாலே முடித்துக்கொடுத்தார். உயரம் 177 அடி. 1959 ஆகஸ்ட் 23ஆம் நாள் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். சென்ட்ரலில் வந்து இறங்கும் கிராமத்துக் கதாநாயகன் அண்ணாந்து பார்க்கும் அந்தக் கட்டடம், எல்.ஐ.சி. கட்டடம் என்ற பெயரில், தமிழ்த் திரைப்படத்தில் பட்டணத்துக்கே அடையாளமாகிவிட்டது. அதை நினைத்தவர் யார் என்று அந்தப் படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? திறப்பு விழாவன்று நிறுவனம் அவருடையதாக இல்லை. அவரும் இல்லை.

1954 மார்ச் 13ஆம் நாள் சிட்னியிலிருந்து லண்டனுக்குப் பறந்துகொண்டிருந்த பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன் விமானம் சிங்கப்பூரின் காலாங் நிலையத்தில் இறங்கும்போது நொறுங்கித் தீப்பற்றியது. அதிலிருந்த பயணிகள் 31 பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் சிதம்பரம் செட்டியார்.

அவருடைய நேரடியான கொடைகளைப் பேசும்போது புரசைவாக்கத்தில் அவர் தந்தையார் பெயரில் நடக்கும் ஆண்கள் பள்ளியையும், தாயார் பெயர் தாங்கும் பெண்கள் பள்ளியையும் முதலில் சொல்வது வழக்கம். தலைமுறைகளைப் படிக்கவைத்த பள்ளிகள் அவை. ஆனால் என் மனம் குரோம்பேட்டையில்தான் நிற்கிறது. 1949இல் தொழிலதிபர் சி. ராஜம் தம் ‘இந்தியா ஹவுஸ்’ மாளிகையை விற்றுச் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தை, எம்.ஐ.டி.யை, தொடங்கினார். அவரோடு நின்ற நிறுவனர்களில் வழக்கறிஞர் எம். சுப்பராய ஐயரும், இந்து நாளிதழின் கே. சீனிவாசனும், சுதேசமித்திரன் சி.ஆர். சீனிவாசனும், சிதம்பரம் செட்டியாரும் இருந்தார்கள். நாடு விடுதலை பெற்று இரண்டாண்டுதான் ஆகியிருந்தது. விமானம், மோட்டார் வாகனம், மின்னணு, கருவியியல் என்று அப்போது இந்தியக் கல்லூரிகளில் பெரும்பாலும் இல்லாத துறைகளை அங்கே கற்பிக்கத் துணிந்தார்கள். அந்தப் பட்டதாரிகளுக்கு வேலை கொடுக்கும் தொழிற்சாலைகளே நாட்டில் அதிகம் இல்லாத நேரம். இராமேசுவரத்திலிருந்து திருச்சி வழியாக வந்த ஓர் இளைஞர் 1955 வாக்கில் அங்கே விமானப் பொறியியல் படித்தார். ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் என்ற அவர் படிக்க வந்தபோது, அந்தக் கல்லூரிக்கு முன்னின்றவர்களில் ஒருவர் விமான விபத்தில் மறைந்து ஓராண்டே ஆகியிருந்தது.

பள்ளி கட்டுவது நம் மரபில் உள்ளது. ஆனால் பலன் என்னவென்று யாருக்கும் தெரியாத ஒரு படிப்புக்கு, முகம் தெரியாத மாணவர்களுக்காக, சாதி பார்க்காமல் பணமும் பெயரும் கொடுப்பதற்கு மகமை மரபு மட்டும் போதாது. முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் ஒரு நாளுக்காக இன்று கணக்கெழுதப் பழகிய மனம் வேண்டும். காப்பீட்டுத் தொழில் அவருக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்திருக்கும் என்பது என் கணிப்பு. பெரும்பாவூர் அருகே ரேயான்புரத்தில் 1950இல் உற்பத்தி தொடங்கிய திருவிதாங்கூர் ரேயான்ஸ், இந்தியாவின் முதல் ரேயான் ஆலை. அதிலும் இதே முன்நோக்கைப் பார்க்கிறேன்.

அவர் மறைந்த இரண்டே ஆண்டில் எல்லாம் மாறியது. 1955 டிசம்பரில் மக்களவையில் பெரோஸ் காந்தி, தொழிலதிபர் டால்மியாவின் பாரத் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் பாலிசிதாரர் பணம் எப்படித் திருப்பிவிடப்பட்டது என்பதை விரிவாக அம்பலப்படுத்தினார். 1956 ஜனவரி 19ஆம் நாள் அவசரச் சட்டம் வந்தது. இந்திய நிறுவனங்கள் 154, வெளிநாட்டு நிறுவனங்கள் 16, சேமநிதிச் சங்கங்கள் 75 ஆகிய மொத்தம் 245 அமைப்புகள் ஒன்றாகி, செப்டம்பர் 1ஆம் நாள் எல்.ஐ.சி. பிறந்தது. யுனைடெட் இந்தியா ஆயுள் நிறுவனம் அந்த வெள்ளத்தில் கலந்தது. 1969 ஜூலை 19இல் நாட்டுடைமையான 14 வங்கிகளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் ஒன்று. பொதுக்காப்பீடு நாட்டுடைமையாகி 1973 தொடக்கத்தில் நான்கு பெரும் நிறுவனங்களாகத் தொகுக்கப்பட்டபோது அவற்றில் ஒன்று யுனைடெட் இந்தியா என்ற அதே பெயரோடு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது.

நாட்டுடைமை அந்தக் குடும்பத்துக்கு இழப்பு. ஆனாலும் அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஒழுங்காக நடத்தியவரையும் ஒழுங்கில்லாமல் நடத்தியவரையும் பாலிசிதாரரால் பிரித்தறிய முடியாத நிலையில், வாக்குறுதிக்கு அரசே பொறுப்பேற்பது தவிர வேறு வழி அன்று இருக்கவில்லை. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அரசுடைமையும் தானாக நேர்மையைக் கொண்டுவரவில்லை. எல்.ஐ.சி. பிறந்து ஓராண்டுக்குள் தொழிலதிபர் அரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் சுமார் 1.24 கோடி ரூபாய் போடப்பட்டது. அதையும் கிளறியெடுத்தவர் அதே பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளாவின் விசாரணைக்குப் பிறகு 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். உத்திரமேரூர்ச் சபையின் விதிக்கு உடைமையாளர் யார் என்பதில் அக்கறை கிடையாது. கணக்கு வந்ததா என்பதே அதன் கேள்வி.

இன்று அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடமும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் தலைமையகமும் நிற்கின்றன. ஒயிட்ஸ் சாலையில் யுனைடெட் இந்தியா. மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். மூன்றிலும் அவருடைய வாரிசுகளுக்கு உரிமை இல்லை. மூன்றும் இயங்குகின்றன. முதல் கெடவில்லை.

சென்னையின் உயரத்திலிருந்து இறங்கிக் காஞ்சிக்கு வர வேண்டும். ஏனென்றால் காப்பீடு என்ற தொழிலின் பொதுத்தொண்டு தலைமையகத்தில் முடிவதில்லை. பட்டு நெசவாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. குழித்தறியில் உட்கார்ந்து பாவு தீரும் வரை நெய்தால் கூலி. கோர்வைச் சேலை என்றால் தறியில் இரண்டு பேர் வேண்டும். பெரும்பாலும் கணவனும் மனைவியும், அல்லது தகப்பனும் பிள்ளையும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தலைக்கு மேல் இருக்கும். நெசவாளர் இறந்தால் கூலி அன்றே நின்றுவிடும், முன்பணம் நிற்காது. 1990களில் காஞ்சி வட்டாரத்தில் குழந்தைத் தொழிலாளர் பற்றி ஆய்வு செய்தவர்கள் இதைத்தான் வீடுவீடாகக் கண்டார்கள். கடனை ஈடுகட்டப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளை தறிக்குப் போனது. அரசும் யுனிசெஃபும் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களும் பாடுபட்டு அந்தப் பிள்ளைகளில் பெரும் பகுதியினரைப் பள்ளிக்குத் திருப்பினார்கள்.

இந்த இடத்தில் காப்பீடு என்ன செய்ய முடியும்? மகாத்மா காந்தி நெசவாளர் காப்பீட்டுத் திட்டம் ஒரு விடையாக இருந்தது. மத்திய அரசும் எல்.ஐ.சி.யின் சமூகப் பாதுகாப்பு நிதியும் பிரீமியத்தின் பெரும் பகுதியை ஏற்க, நெசவாளர் ஆண்டுக்கு 80 ரூபாய் கட்டினார். இயற்கை மரணத்துக்கு 60,000 ரூபாய், விபத்து மரணத்துக்கு 1,50,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குக் காலாண்டுக்கு 300 ரூபாய் கல்வி உதவி. 60,000 ரூபாய் ஒரு குடும்பத்தைக் கரையேற்றிவிடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கருமாதி முடிந்த வாரத்தில் முன்பணத்தைக் கேட்டு வாசலில் ஆள் நிற்கும்போது, மகனைத் தறியில் இறக்காமல் இருக்க அந்தத் தொகை ஒரு மறுப்பைச் சொல்லும் தெம்பைத் தந்திருக்கும். படிப்பு நிற்கும் வயதில் கல்வி உதவியை வைத்தவர்கள் களத்தை அறிந்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

திட்டம் தாளில் இருப்பது வேறு, பணம் வீட்டுக்கு வருவது வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதர் தேவைப்படுகிறார். ஊரில் அவரை “எல்.ஐ.சி.காரர்” என்பார்கள். பிரீமியத் தேதி வரும் முன் வந்து நினைவூட்டுவார். கூலி வராத மாதத்தில் பாலிசி லேப்ஸ் ஆகாமல் இருக்கத் தம் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. வயதுச் சான்று இல்லாதவருக்குப் பள்ளிப் பதிவேட்டைத் தேடிக் கொடுப்பார். நாமினி பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் உறுதிமொழிப் பத்திரம் எழுத உடன் போவார். இறப்புச் சான்றிதழ் வாங்க அலுவலகத்தில் காத்திருப்பார். ஒரு பாலிசியில் அவருக்குக் கிடைக்கும் கமிஷனுக்கும் ஒரு கிளெய்மை முடித்துத்தர அவர் நடக்கும் நடைக்கும் சம்பந்தமே இல்லை. பிரீமியம் கட்டப்படும் வரைதான் கமிஷன். கிளெய்முக்கு நடக்கும் நடைக்குத் தனிக்கூலி எதுவும் கிடையாது. அந்த உழைப்பு தொழிலின் கணக்கில் ஏறுவதில்லை. கோயில் திருப்பணிக் குழு, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கழகம், இரத்த தான முகாம் என்று ஊரின் பொதுவேலைகளில் காப்பீட்டு முகவர்கள் முன்னால் நிற்பதை வாடிக்கையாளர் பிடிக்கும் தந்திரம் என்று ஒதுக்குவது சுலபம். எல்லா வீட்டின் வயதும் கடனும் நோயும் தெரிந்த ஒருவருக்கு ஊரைப் பற்றிய கவலை வருவது இயல்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. தவறான வாக்குறுதி சொல்லிப் பாலிசியைத் தள்ளிவிடுபவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். சிதம்பரம் செட்டியாருக்கு வைத்த அளவுகோல் அவர்களுக்கும் பொருந்தும்.

நம் சமூக வரலாற்று ஆய்வில் இந்த மனிதர்களுக்கு இடமே இல்லை. நகரத்தார் வணிகத்தின் கணக்கேடுகள் ஆய்வாளர் கைக்குச் சிறிதளவாவது வந்தன. அந்த வணிகத்தின் வரலாற்றை அவற்றைக் கொண்டு எழுத முடிந்தது. எல்.ஐ.சி.யின் முதல் தலைமுறை முகவர்கள் 1956க்குப் பின் சிற்றூர்களில் எழுதி வைத்த நாட்குறிப்புகளும் பிரீமியக் குறிப்பேடுகளும் என்ன ஆயின? யார் எந்த ஆண்டு கட்டத் தொடங்கினார், எந்தப் பஞ்ச ஆண்டில் நிறுத்தினார், பட்டு நூல் விலை ஏறியபோது எத்தனை பாலிசிகள் விழுந்தன, எந்த வீட்டில் கைம்பெண் பணம் வாங்கி மகளைப் படிக்கவைத்தார் என்பனவெல்லாம் அந்த ஏடுகளில் இருக்கும். காஞ்சிபுரம், மாகறல், உத்திரமேரூர் வட்டாரத்துக் கல்லூரி வரலாற்றுத் துறைகள் மாணவர்களை முகவர்களின் வீடுகளுக்கு அனுப்பி, பெயர்களை மறைத்து, இந்தக் குறிப்பேடுகளைப் படியெடுத்து வைக்க வேண்டும். முதல் தலைமுறை முகவர்களின் பிள்ளைகளே இப்போது முதியவர்கள். பழைய காகிதக் கட்டுகள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.